பட்டியலில் ஏழாவது

சாவி என்கிட்டதான் இருக்கு தம்பி. வீட்டுக்காரர் ஓசூர்ல இருக்கார். பார்க்க வர்றவங்களுக்குத் திறந்து காட்டச் சொல்லி என்கிட்ட கொடுத்துட்டுப் போனார். இருங்க, உடனே எழுந்திரிக்காதீங்க. இந்தச் சித்திரை வெயில்ல வந்திருக்கீங்க, ஃபேனுக்குக் கீழ உட்காருங்க. தண்ணி குடிங்க. எதிர்லதான் இருக்கு வீடு, அந்தப் பச்சைக் கதவு. ஒரு ஹால், ஒரு ரூம், சமையக்கட்டு. காத்து நல்லா வரும்.

வழி யார்கிட்ட கேட்டீங்க? மாவுக் கடையிலயா? என்ன சொன்னான் சாத்தப்பன்? சொல்லுங்க, பரவால்ல. "டீச்சரம்மாகிட்ட சாவி இருக்கு, பார்த்துப் பேசுங்க"ன்னு சொல்லியிருப்பான். சிரிக்கிறீங்களே, அப்ப அதேதான். முதல்ல நான் டீச்சரே இல்ல தம்பி. பள்ளிக்கூடத்துல லேப் அசிஸ்டென்ட். முப்பத்தொரு வருஷம். ஆசிட் பாட்டில்ல லேபிள் இல்லன்னா தொடமாட்டேன், யாரையும் தொட விடவும் மாட்டேன். ஒரு புள்ளைக்குக் கையில ஒரு பொட்டுச் சூடு பட்டது கிடையாது என் காலத்துல. என் பேரு வேதநாயகி. இந்தத் தெருவுல ஒருத்தரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. இப்ப கூப்பிடுறதே இல்ல, அது வேற விஷயம்.

முன்ன இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்கன்னு நீங்க கேட்கணும். வீடு பார்க்க வர்றவங்க கேட்க வேண்டிய கேள்வி அது. ஆவி, பேய்னு எதாவது கதை கட்டிவிடுவாங்க. ஒண்ணும் கிடையாது. நானே சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் போய்ப் பாருங்க.

எல்லாம் ஒரு குழியில ஆரம்பிச்சது.

போன வருஷம் பொங்கல் முடிஞ்ச கையோட பாதாள சாக்கடைன்னு சொல்லித் தெருவைத் தோண்டினாங்க. குழாய் போட்டாங்க, மண்ணைத் தள்ளி மூடினாங்க, போயிட்டாங்க. மேல தார் போட வருவாங்கன்னு பார்த்தா வரல. பங்குனியில மண்ணு உள்வாங்கிச்சு. சரியா எங்க வீட்டுக்கும் அந்தப் பச்சைக் கதவு வீட்டுக்கும் நடுவுல. முதல்ல ஒரு தாம்பாளம் அளவுக்கு இருந்தது. ஆடியில ஒரு ஆள் குத்துக்கால் போட்டு உட்காரலாம் அதுல.

அந்தக் குழியை நீங்க பார்த்திருக்கணும் தம்பி. வேண்டாம், பார்க்காததே நல்லது. மழைத் தண்ணி மட்டும்னா பரவால்ல. பக்கத்துல சாக்கடை கசிஞ்சு அதுல சேரும். மேல பச்சையா ஒரு ஏடு. அதுல கொசுப்புழு, வெந்த சேமியா மாதிரி நெளியும். தெருவுல இருக்கிற ஜனம் என்ன பண்ணணும், மூடச் சொல்லிக் கேட்கணும். இவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? குப்பையைக் கொண்டாந்து அதுல போட்டாங்க. கோழிக் கழிவு, புள்ளைங்க டயப்பர், பொம்பளைங்க சமாச்சாரம்கூட பேப்பர்ல சுத்தி. சீ. ஒருநாள் ஒரு பெருச்சாளி செத்து மிதந்தது, வயிறு ஊதி. ரெண்டு நாள் அப்படியே கிடந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓரமாத் தாண்டிப் போறாங்க. நான்தான் குச்சியால எடுத்து, சுண்ணாம்புத் தூள் போட்டுப் புதைச்சேன். அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

அப்பதான் மாநகராட்சி நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு பேசுச்சு, மரியாதையாத்தான் பேசுச்சு. புகார் எண் மெசேஜ்ல வந்தது. எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். "நல்லது"ன்னார். அவர் அவ்வளவுதான் பேசுவார். ஆறாம் நாள் இன்னொரு மெசேஜ். "தங்கள் புகார் நிவர்த்தி செய்யப்பட்டது." ஜன்னலைத் திறந்து பார்த்தேன். குழி அங்கேயே இருக்கு, பச்சை ஏட்டோட. மெசேஜ்ல ஒரு போட்டோவும் வச்சிருந்தான். பளபளன்னு தார் ரோடு. ஓரத்துல ஒரு நீலக் கேட்டு, ஒரு முருங்கை மரம். எங்க தெருவுல நீலக் கேட்டும் கிடையாது, முருங்கை மரமும் கிடையாது. எந்தத் தெரு ரோடோ. இதைச் செய்யறதுக்கு ஒருத்தன் சம்பளம் வாங்குறான் பாருங்க. எனக்குக் குழி நாத்தத்தைவிட அந்தப் போட்டோ நாத்தம் தாங்கல.

மறுபடி போட்டேன். மறுபடி நிவர்த்தி. ஒன்பது தடவை தம்பி. ஒன்பது தடவை நிவர்த்தி ஆன குழி இந்த ஊர்லயே அது ஒண்ணுதான் இருக்கும்.

அப்புறம் நேர்லயே போக ஆரம்பிச்சேன். வார்டு ஆபீஸ். ஏ.இ., அதான் வார்டு இன்ஜினியர், முகுந்தன்னு ஒரு பையன், என் மகன் வயசுதான் இருக்கும். மூணு தடவை போனப்பவும் "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்." எந்த ஃபீல்டு? எங்க தெருப் பக்கம் ஒரு செருப்புத் தடம்கூட விழல. நாலாம் தடவை ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடியே போய் வாசல்ல நின்னுக்கிட்டேன். தப்பிக்க முடியல.

"அம்மா, குழின்னு சொன்னா போதாது. நீளம் அகலம் ஆழம் எழுதி, தெருக்காரங்க கையெழுத்தோட குடுங்க"ன்னான்.

"அளக்கறது உங்க வேலையில்லையா சார்?"ன்னு கேட்டேன்.

"ஆள் இல்லம்மா"ன்னான்.

சரி, ஆள் இல்லன்னா நான் அளக்கறேன். அளவு எடுக்கறது எனக்குப் புதுசா? நேரா எதிர் வீட்டுக்குப் போனேன், டேப் வாங்க.

அங்க ஜெசிந்தா இருந்தா. அவளைப் பத்திச் சொல்லணும். நாப்பது வயசு இருக்கும். சின்ன வயசுல போலியோ, இடது கால் சூம்பிப் போயிருக்கும். தனியாத்தான் இருந்தா. நைட்டி தைச்சுக் கடைகளுக்குக் கொடுப்பா, வாரத்துக்கு ரெண்டு மூட்டை. பின்னாடி ரெண்டு சக்கரம் கூட வச்ச ஸ்கூட்டர் ஒண்ணு வச்சிருந்தா. வீட்டுக்குள்ளயே ஏறி உட்கார்ந்துடுவா. வாசல்ல சிமெண்ட்ல ஒரு சரிவு போட்டிருந்தா, அது வழியா சர்ருன்னு இறங்குவா, சர்ருன்னு ஏறுவா. யார் கையையும் எதிர்பார்க்க மாட்டா. கைத்தொழில் சுத்தம். நான் போட்டிருக்கிற இந்த ஜாக்கெட் அவ தைச்சதுதான். பாருங்க, தோள்ல ஒரு சுருக்கம் இருக்கா?

குழியால ரொம்பக் கஷ்டப்பட்டதும் அவதான். ஒருநாள் சக்கரம் இறங்கி, ஒரு மூட்டை நைட்டி அந்தத் தண்ணியில விழுந்துடுச்சு. மூணு தடவை துவைச்சும் நாத்தம் போகல, எல்லாத்தையும் தூக்கிப் போட்டா. அழல. "விடுங்க அக்கா"ன்னா. அவளுக்கு எல்லாமே "விடுங்க அக்கா"தான். இந்த நாட்ல எல்லாரும் விட்டுவிட்டுத்தானே இப்படி இருக்குது?

டேப் கேட்டதும் அவளும் ஸ்கூட்டர்ல கூடவே வந்தா. நான் மறு முனையில, அவ இந்த முனையில. நீளம் ஆறடி ரெண்டு அங்குலம். அகலம் நாலரை. ஆழத்துக்கு ஒரு குச்சியை விட்டுப் பார்த்தோம், ரெண்டே முக்கால். அவ ஒவ்வொண்ணாச் சொல்ல, நான் எழுதினேன். மனுவுல முதல் கையெழுத்து அவளோடதுதான். "ஜெ. ஜெசிந்தா"ன்னு குண்டு குண்டா, அழகா. சாத்தப்பன்கூட மாவுக் கையோட போட்டான். பதினாலு கையெழுத்து. அன்னைக்கு இந்தத் தெருவே என் பின்னாடி நின்னது தம்பி. "டீச்சரம்மா இருக்கறதால ஆச்சு"ன்னு பேசிக்கிட்டாங்க.

மனுவைக் கொண்டு போனேன். அந்தப் பையன் படிச்சான். உதட்டைப் பிதுக்கினான்.

"குழியை மட்டும் மூடினா நிக்காதும்மா. தெரு முழுக்கத் தோண்டி மறுபடி போடணும். ஆனா உங்க தெரு ரெக்கார்டுல இருபது அடி. இப்ப பன்னெண்டுதான் இருக்கு. ஆளாளுக்குப் படி கட்டி வச்சிருக்கீங்க. மெஷின் உள்ள வராது. எது எது ஆக்கிரமிப்புன்னு எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்."

அதுல தப்பு என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க. அவன் கேட்டது நியாயம்தானே? நானும் எத்தனை நாளாப் பார்த்துக்கிட்டிருக்கேன். சாத்தப்பன் கிரைண்டர் கழுவின தண்ணி தெருவுல ஓடணும்னு ஒரு மேடை கட்டி வச்சிருக்கான். மூலை வீட்ல தெருவுலயே தண்ணித் தொட்டி. இன்னொருத்தன் பைக்குக்கு ஷெட். ஒரு ஒழுங்கு கிடையாது. டேப்பும் கையில இருந்தது, ஜெசிந்தாவும் வந்தா. மறுபடியும் ஒரு முனையை அவதான் பிடிச்சா. ரோடு போடறதுக்கு அளக்கறோம்னு சொன்னேன். பொய் இல்லையே? ரோடு போடத்தானே அளந்தோம்? வீடு வீடா அளந்தோம். அவ வீட்டு முன்னாடி வந்ததும் அவ சரிவையும் அளந்தேன். நீளம் அஞ்சடி, அகலம் மூணடி. "இதையும் ஏன் அக்கா?"ன்னா. "கணக்குக்கு வேணும்"ன்னேன். பிடிச்சா.

பட்டியல் போட்டேன். பதினோரு இனம். ஏழாவது, "கதவு எண் பதினெட்டு, சிமெண்ட் சாய்தளம்."

எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கிட்டே அதைப் படிச்சுப் பார்த்தார். "வேதா, ஏழாவதை எடுத்துடு"ன்னார்.

"ஒண்ணை எடுத்தா மத்த பத்து பேரும் எங்களுதை மட்டும் ஏன் எழுதினேன்னு கேட்க மாட்டாங்களா? எழுதினா எல்லாத்தையும் எழுதணும்."

"அப்ப நம்ம படி?"ன்னார்.

நம்ம படின்னா, அதோ வாசல்ல பார்த்தீங்களே, ரெண்டு படியும் அந்தத் துளசித் தொட்டியும். அது நாங்க வீடு கட்டினப்பவே கட்டினது தம்பி. பிளான் போட்ட மேஸ்திரியே கட்டினது. அதைப் போய் ஆக்கிரமிப்புன்னு எப்படிச் சொல்றது? அவர்கிட்ட அப்படித்தான் சொன்னேன். அவர் தட்டுலயே கையைக் கழுவிட்டு எழுந்து போயிட்டார். பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

மறுபடி பதினாலு பேர்கிட்ட கையெழுத்து வாங்க நேரம் இல்ல. பழைய மனுவுக்குப் பின்னாலயே பட்டியலை ரெண்டாம் பக்கமா வச்சுப் பின் அடிச்சுக் கொடுத்தேன். ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க.

கார்த்திகை மாசம், ஒரு புதன்கிழமை. காலையில பத்து மணி இருக்கும். நான் கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தேன். டமடமன்னு சத்தம். வாசலுக்கு வந்தா ஜே.சி.பி. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நாலு மாசம் நான் நடந்த நடைக்கு ஒரு மெஷின் வந்துடுச்சு. அவரைக் கூப்பிட்டேன், "வந்து பாருங்க, வந்து பாருங்க"ன்னு.

மெஷின் குழிப் பக்கமே போகல தம்பி. நேரா சாத்தப்பன் மேடைக்குப் போச்சு. ஒரே இடி. அப்புறம் தொட்டி. அப்புறம் ஷெட்டு. ஜனமெல்லாம் கத்துது. முகுந்தன் கையில ஃபைல் வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா டிக் அடிக்கறான். ஏழாவதுக்கு வந்தான்.

ஜெசிந்தா உள்ளே தையல் மெஷின்ல உட்கார்ந்து தைச்சுக்கிட்டிருந்தா. கதவைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து வந்து நின்னா. கழுத்துல நூலு தொங்குது.

"சார், இது படி இல்ல சார். என் வண்டி இறங்கற இடம். இது இல்லன்னா நான் எப்படி சார் வெளிய வருவேன்?"

அவன் ஃபைலைத் திருப்பிக் காட்டினான். "மனு வந்திருக்கும்மா. இதோ பாருங்க, முதல் கையெழுத்தே உங்களோடதுதான்."

அவ அந்தப் பேப்பரைப் பார்த்தா. ரெண்டாம் பக்கத்தைத் திருப்பி அதையும் பார்த்தா. என் கையெழுத்து அவளுக்குத் தெரியும், ஜாக்கெட் அளவெல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா. நான் கீரைக் கட்டோட நிக்கறேன். சாத்தப்பன் என்னவெல்லாமோ சொன்னான், வாயில வராத வார்த்தையெல்லாம். மூலை வீட்டுப் பொம்பளை மண்ணை வாரித் தூத்தினா. அதெல்லாம் எனக்கு ஞாபகம்கூட இல்ல. அவ ஒண்ணும் சொல்லாம நின்னதுதான்.

ரெண்டு தட்டு. அவ்வளவுதான். அஞ்சடி சரிவு அப்பளம் மாதிரி நொறுங்கிச்சு. கதவுக்கும் தெருவுக்கும் நடுவுல ஒன்றரை அடி வெறும் பள்ளம்.

எங்க வீட்டுக்கு முன்னாடி மெஷின் வந்து நின்னது. டிரைவர் படியைப் பார்த்தான். முகுந்தன் கையைக் காட்டி, "அது மனுதாரர் வீடு, விடு"ன்னான். ஒரு மரியாதைதான். அதை வச்சு ஊரெல்லாம் என்ன பேச்சு! நானா விடச் சொன்னேன்? அவன் விட்டான். அதுக்கு நான் என்ன பண்றது?

அதுக்கப்புறம் பண்ணதைக் கேளுங்க, அதுதான் உச்சம். இடிச்ச கல்லு மண்ணு எல்லாத்தையும் அந்த மெஷின் வாரி எங்கே போட்டது? குழியில. அவ சரிவு, சாத்தப்பன் மேடை, எல்லாத்தையும் அந்தப் பச்சைத் தண்ணியில தள்ளி மேல ரெண்டு ஏத்து ஏத்திட்டுப் போயிட்டான். தண்ணி எங்க வீட்டுச் சுவர் வரைக்கும் தெறிச்சது. சாயங்காலம் மெசேஜ். "தங்கள் புகார் நிவர்த்தி செய்யப்பட்டது." பத்தாவது நிவர்த்தி. ஒரு வாரத்துல மழை பெஞ்சு மறுபடியும் உள்ளே போச்சு.

நான் ரோடு கேட்டேன் தம்பி. ரோடுதான் கேட்டேன். அந்தப் பய இடிக்கறதுக்கு என் மனுவை எடுத்துக்கிட்டான். ஆனா தெருவுக்கு யார் மேல கோபம்? அவன் மேலயா? அவன் ஜீப்ல போயிட்டான். நான்தானே எதிர்ல இருக்கேன். மறுநாள் சாத்தப்பன் கடைக்குப் போனேன். குண்டான் நிறைய மாவு இருக்கு, என் கண்ணுக்கு எதிர்ல. "தீர்ந்துடுச்சு"ன்னான். கேட்டுல குப்பைப் பையை மாட்டிட்டுப் போறாங்க. அழுகின தக்காளி, மீன் செதில். காலையில எழுந்து கேட்டைத் திறந்தா கையில வழவழன்னு ஒட்டும். படிச்ச ஜனம்தான் இவ்வளவும்.

ஜெசிந்தாவைக் கேட்கறீங்களா? ஸ்கூட்டரைத் தெருவுலயே நிறுத்தினா, மழையில. ஒரு பலகையைச் சாய்ச்சு வச்சு, ஒருத்தர் பிடிக்க அவ இறங்குவா. யார் கையையும் எதிர்பார்க்காத பொம்பளை, வாசல்ல உட்கார்ந்து போறவங்க வர்றவங்களைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தா. எங்க வீட்டுக்காரர்தான் காலையில போய்ப் பலகையைப் பிடிப்பார். எனக்குச் சொல்லாமலே போவார்.

நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. அவளுக்குச் சரிவு கட்டிக் கொடுக்கணும்னு தனியா ஒரு மனு எழுதினேன், ரெண்டு பக்கம். முகுந்தன் படிக்காமலே, "நீங்கதானேம்மா இடிக்கச் சொன்னீங்க? ரோடு வேலை முடியட்டும், பார்க்கலாம்"னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு இருக்கே, அது மேலதான் ஆசிட்டை ஊத்தணும்னு தோணுச்சு. வாயைத் திறக்காம வந்துட்டேன்.

மார்கழியில ஒருநாள் மழை. எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், போகல. அவ தனியாவே பலகையில இறங்கியிருக்கா. பலகை வழுக்கிடுச்சு. சத்தம் கேட்டு நான் ஓடினேன். அந்தக் குழி விளிம்புல விழுந்து கிடக்கறா, வலது கை மடங்கி அடியில. மணிக்கட்டு முறிஞ்சுடுச்சு. தைக்கற கை. நான் தூக்கப் போனேன். "வேண்டாம் அக்கா, சாத்தப்பன் அண்ணனைக் கூப்பிடுங்க"ன்னா. அந்த வலியிலயும் அப்படிச் சொன்னா. நான் போய்க் கூப்பிட்டேன். மாவு இல்லன்னு சொன்ன அந்த ஆளைத்தான் கூப்பிட்டேன்.

மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாதுன்னுட்டாங்க. கடைக்காரங்க காத்திருப்பாங்களா? வேற ஆளைப் பார்த்துக்கிட்டாங்க.

பழம் வாங்கிக்கிட்டுப் பார்க்கப் போனேன். உட்காரச் சொன்னா. தையல் மெஷின் மேல ஒரு துண்டைப் போட்டு மூடி வச்சிருந்தா.

"அளவு எடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே அக்கா"ன்னா. "எதுக்குன்னு சொல்லியிருந்தா நான் டேப்பைப் பிடிச்சிருக்க மாட்டேன். அவ்வளவுதான். நீங்களா அளந்து எழுதியிருந்தாக்கூடப் பரவால்ல."

நான் என்ன சொல்லணும்? ரோடு, மெஷின், இருபது அடின்னு எல்லாத்தையும் விளக்கினேன். கேட்டுக்கிட்டா. அப்புறம் அலமாரியைத் திறந்து இடது கையால ஒரு பையை எடுத்தா. ஐப்பசியில நான் கொடுத்த ஜாக்கெட் துணி. மடிப்புக்கூடக் கலையாம இருந்தது. "வேற யார்கிட்டயாவது கொடுத்துத் தைச்சுக்கோங்க"ன்னா. வெட்டாத துணியைத் திருப்பிக் கொடுக்கறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. உங்க வீட்ல கேட்டா சொல்லுவாங்க. திட்டியிருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன்.

தை மாசம் அவ அண்ணன் வந்தார், ஒரு சின்ன லாரியோட. அவங்க ஊருக்கே கூட்டிக்கிட்டுப் போறேன்னார். சாமான் ஏத்தினாங்க. கடைசியில அவளை. சாத்தப்பனும் எங்க வீட்டுக்காரரும் இன்னும் ரெண்டு பேரும் நாற்காலியோட தூக்கிக் குழியைச் சுத்தி நடந்து வந்தாங்க. என் கேட்டுப் பக்கமா வந்தப்ப நான் சொன்னேன், "ஜெசிந்தா, நான் விட மாட்டேன். கலெக்டர் வரைக்கும் எழுதறேன். உனக்கு நியாயம் கிடைக்கற வரைக்கும் எழுதுவேன்."

அவ நாற்காலியை நிறுத்தச் சொன்னா. சிரிச்ச மாதிரிதான் இருந்தது.

"அக்கா, எனக்காக இனிமே எதுவும் எழுதாதீங்க."

அவ்வளவுதான். ஏத்தினாங்க, போயிட்டாங்க. தெருவே வாசல்ல நின்னு டாட்டா காட்டுது. ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பல. எங்க வீட்டுக்காரர் உள்ளே வந்து, கால்கூடக் கழுவாம, ரேடியோவைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டார். அன்னையில இருந்து என்கிட்ட "சாப்பாடு ஆச்சா", "மாத்திரை எங்க", இந்த ரெண்டுதான் பேசறார்.

அருவருப்பா இருக்கு தம்பி. எதைப் பார்த்தாலும் அருவருப்பா இருக்கு. அந்த ஆபீஸ், அந்த மெசேஜ், இந்த ஜனம். கேட்டைத் தொடும்போதெல்லாம் கையை மோந்து பார்க்கறேன், சோப்புப் போட்டுக் கழுவின பிறகும். என்ன நாத்தம்னு தெரியல. டாக்டர் ஒண்ணும் இல்லங்கறார்.

ரோடா? போட்டாங்களே, நீங்க அதுல நடந்துதானே வந்தீங்க. போன மாசம் ஒருநாள் யாருக்கும் சொல்லாம வந்து போட்டுட்டாங்க. என் மனுவுக்கா, தேர்தல் வருதுன்னா, எதுக்குன்னு தெரியாது. ஜல்லி கொட்டி, உருட்டி, மேல தார். நல்ல ரோடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா பழசைச் சுரண்டாம மேலயே போட்டுட்டான். ஒரு அடி உசந்துடுச்சு. மழை வந்தா தண்ணியெல்லாம் தாழ்வான வீட்டுக்குள்ளதான் போகும். அதை எழுதணும்னு பேப்பர் எடுத்து வச்சேன். தேதி போட்டேன். அதுக்கு மேல கை போகல. ஒரு மாசமா அந்தப் பேப்பர் மேஜை மேல கிடக்கு.

வாங்க, வாசல் வரைக்கும் வாங்க. இங்கிருந்தே காட்டறேன். அந்தப் பச்சைக் கதவுக்குக் கீழ பாருங்க. ஒன்றரை அடி இருந்ததா, ரோடு ஒரு அடி ஏறினதும் இப்ப மிச்சம் எவ்வளவு? அரை அடி. அரை அடிதான் தம்பி. ஒரு சின்னப் பலகை போதும். ஸ்கூட்டர் தானா ஏறிடும், யாரும் பிடிக்க வேண்டாம். மூணே மாசம் பொறுத்திருந்தா போயிருக்கவே வேண்டாம் அவ.

ஓசூர்க்காரர் வாடகைக்கு ஆள் பார்க்கச் சொல்றார். நான்தான் ஒவ்வொருத்தருக்கா ஒரு காரணம் சொல்லிக்கிட்டிருக்கேன். உங்களுக்கு முன்னாடி நாலு பேர் வந்தாங்க.

உங்க போன்ல பேலன்ஸ் இருக்கா தம்பி? ஒரு நம்பர் சொல்றேன், அடிச்சுப் பாருங்க. என் நம்பர்னா எடுக்க மாட்டேங்கறா, எங்க வீட்டுக்காரர் நம்பர்னாலும் எடுக்க மாட்டேங்கறா. எடுத்தா, கை சரியாயிடுச்சான்னு கேளுங்க. ரோடு ஒரு அடி ஏறியிருக்கு, வாசல்ல அரை அடிதான் இருக்கு, வீடு இன்னும் காலியாத்தான் இருக்குன்னு சொல்லுங்க.

நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.